நாலு வழியில் நாலு நாள்: கும்பகோணம் ரோடு இப்போது எப்படி இருக்கிறது?

22 ஆகஸ்ட் 2025, வெள்ளி. வடலூர்

இந்நேரம் கும்பகோணம் பக்கத்துப் பாபநாசத்தில் சித்தி வீட்டுத் திண்ணையில் இருந்திருக்க வேண்டும். வடலூரில் ஒரு லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். காரணம் ஒரு சாண் நீளக் கட்டுக்கம்பி.

சித்திக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். அம்மாவுக்குப் போய்ப் பார்க்காமல் இருப்புக் கொள்ளவில்லை. காரில் விக்கிரவாண்டி வழியாகப் போகிறேன் என்றதும் அலுவலக நண்பர் சிரித்தார். "உளுந்தூர்பேட்டை, விருத்தாசலம்னு சுத்திப் போயிடுங்க. முதுகெலும்பு மிச்சமாகும்." சென்னையிலிருந்து கும்பகோணம் போகிற பாதிப்பேர் பல வருடமாக அப்படித்தான் சுற்றுகிறார்கள். எனக்கென்னவோ ஒரு நப்பாசை. போன மாதம் 26-ம் தேதிதான் சேத்தியாத்தோப்பு முதல் கும்பகோணத்துக்கு முன்னால் இருக்கிற சோழபுரம் வரை 50 கிலோமீட்டரைப் பிரதமர் தூத்துக்குடி விழாவில் திறந்து வைத்தார். போதாக்குறைக்கு, சுங்கச்சாவடிகளுக்கு 3,000 ரூபாயில் 200 முறை போகலாம் என்று ஆகஸ்ட் 15-ல் வந்த வருடாந்திர பாஸையும் வாங்கி வைத்திருந்தேன். பாஸ் வாங்கினவன் வண்டியை வெளியே எடுக்காமல் இருக்க முடியுமா?

விக்கிரவாண்டியில் இடதுபக்கம் பிரிகிறது சாலை. இன்றைய எண் 36. பழைய ஆட்களுக்கு 45சி. ஊர்க்காரர்களுக்கு எந்த எண்ணும் வேண்டாம், கும்பகோணம் ரோடு. தஞ்சாவூர் வரை 165 கிலோமீட்டரை நாலு வழியாக்கும் வேலையை மூன்று துண்டாகப் பிரித்து, 2018-ல் தொடங்கினார்கள். கீழே இருக்கிற துண்டுகள் முடிந்துவிட்டன. விக்கிரவாண்டியிலிருந்து சேத்தியாத்தோப்பு வரையுள்ள முதல் 66 கிலோமீட்டர்தான் இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு காரணம் காதில் விழும். ஒரு வருடம் நிலம், மறு வருடம் மண், அதற்கடுத்த வருடம் ஒப்பந்தம்.

போகிற விதம் இப்படி: இரண்டு கிலோமீட்டர் கண்ணாடி மாதிரி சாலை. நான்காவது கியரிலிருந்து ஐந்துக்கு மாற்றுவதற்குள் மஞ்சள் பலகை, 'மாற்றுப்பாதை'. தார் முடிந்து ஜல்லி. பாதி எழும்பிய பாலத்தின் காலடியில் ஒரு வளைசல், மறுபடி தார். கிராவல் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் முன்கண்ணாடியில் வைப்பர் போட வேண்டியிருக்கிறது, மழையில்லாமலே. பைக்கில் வருகிறவர்கள் எல்லோரும் முகத்தில் துண்டு கட்டியிருக்கிறார்கள். ஒரு பெட்டிக்கடையில் வாழைத்தாரைக்கூட பிளாஸ்டிக் தாளுக்குள் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள்.

கண்டரக்கோட்டை தாண்டி ஓரிடத்தில் ஒரு பக்கமாகத்தான் விட்டார்கள். சிவப்புக் கொடியும் விசிலுமாக ஒரு பையன், இருபது வயது இருக்கலாம், வடநாட்டுக்காரன். எதிர்ப்பக்கம் பேருந்து வரும்போது விசில், நம் முறை வரும்போது தலையை மட்டும் ஆட்டுவான். பத்து நிமிடம் நின்றோம். அம்மா கண்ணாடியை இறக்கி முறுக்கு டப்பாவை நீட்டினாள். அவன் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒன்றே ஒன்று எடுத்தான். "இன்னும் எடு தம்பி" என்றாள். அவனுக்குப் புரிந்தது, சிரித்தான், எடுக்கவில்லை. அந்த வெயிலில் அவனுக்கு ஒரு குடைகூட இல்லை.

பண்ருட்டியில் பலாக்காலம் முடிந்துவிட்டது. ஆனாலும் ஒரு கடையில் நாலைந்து பழம் கிடந்தது. பத்துச் சுளை 50 ரூபாய். ஏப்ரல், மே மாதச் சுளையின் வாசனை இதில் இல்லை. முந்திரி முழுப்பருப்பு கிலோ 880 என்றார்கள், பேசி 850-க்கு அரைக்கிலோ வாங்கினோம்.

காடாம்புலியூர் பக்கம் ஒரு மாற்றுப்பாதையில் இறங்கி ஏறியதும் வண்டி இடதுபக்கம் இழுத்தது. இறங்கிப் பார்த்தால் பின் டயர் தரையோடு படுத்திருக்கிறது. பாலத்துக்குக் கம்பி கட்டுவார்களே, அந்தக் கட்டுக்கம்பித் துண்டு நெட்டுக்குத்தலாக ஏறியிருந்தது. சரி, ஸ்டெப்னி இருக்கிறதே என்று எடுத்தால் அதிலும் காற்றில்லை. இதற்கு நெடுஞ்சாலைத் துறையைக் குறைசொல்ல முடியாது. ஒன்றரை வருடமாக நான் அதைத் தொட்டுப் பார்க்கவேயில்லை.

டிவிஎஸ் 50-ல் புல்லுக்கட்டோடு ஒருவர் வந்தார். நான் கை காட்டவில்லை, அவராகத்தான் நின்றார். விஷயத்தைக் கேட்டார், புல்லுக்கட்டை இறக்கி என் கார் நிழலில் போட்டார், ஸ்டெப்னியைத் தூக்கி முன்னால் வைத்தார், போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை. அம்மா, "ஏண்டா, டயரோட போயிட்டாரே" என்றாள். "புல்லை விட்டுட்டுப் போயிருக்காரும்மா" என்றேன். அரைமணியில் காற்றடித்த டயரோடும், பின்னால் பைக்கில் பஞ்சர்க்கடைக்காரரோடும் திரும்பி வந்தார். பணம் கொடுத்தால் வாங்கவில்லை. "வர்ற வழிதானே." அது வருகிற வழியில்லை, எதிர்ப்பக்கம்.

பஞ்சர்க்கடைக்காரர் ஸ்டெப்னியை மாட்டி, வண்டியைக் கடைக்கு ஓட்டி வரச் சொன்னார். அங்கே குறட்டால் கம்பியைப் பிடித்து ஒரே இழுப்பு. ரப்பர் திரியைப் பசையில் முக்கி, ஊசியால் ஓட்டைக்குள் சொருகி, மேலே சோப்புத்தண்ணீர் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். 150 ரூபாய். சுவரோரம் ஒரு பெயிண்ட் டப்பா நிறைய கம்பித்துண்டு, ஆணி, போல்ட்டு.

"எல்லாம் இந்த ரோட்டுலதானா?"

"எல்லாம் இதுதான் சார். ரோடு போட ஆரம்பிச்சப்ப கடை போட்டேன். ரோடு முடிஞ்சா என் கதை என்ன ஆவும்னு தெரியல."

இருட்டிவிட்டது. அந்தத் தூசியில் எதிர் வண்டி விளக்கைப் பார்த்து ஓட்ட எனக்குத் துணிவில்லை. வடலூரில் நிறுத்திவிட்டோம். தங்கியதில் அம்மாவுக்கு மட்டும் சந்தோஷம், வள்ளலாரின் தருமச்சாலையில் சாப்பிட வேண்டும் என்று வெகுநாள் ஆசை. 1867-ல் அவர் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பந்தியில் உட்கார்ந்தோம். சோறு, சாம்பார். யார், எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் தார் போடும் வேலைக்காரர் போலும், நகக்கண்ணெல்லாம் கறுப்பு. மூன்று முறை சோறு வாங்கிக்கொண்டார்.

23 ஆகஸ்ட், சனி. பாபநாசம்

காலையில் மருவாய் வழியாகச் சேத்தியாத்தோப்பு வரை நேற்றையதன் தொடர்ச்சிதான், எழுத ஒன்றுமில்லை. வெள்ளாறு தாண்டியதும் எல்லாம் மாறிவிட்டது.

எப்படிச் சொல்வது? சத்தம் நின்றுவிட்டது. இரண்டு நாளாகக் காருக்குள் தடதடத்துக்கொண்டிருந்த தண்ணீர் பாட்டில், முறுக்கு டப்பா, அம்மாவின் கைத்தடி எல்லாம் வாயை மூடிக்கொண்டன. நடுவில் அரளி நட்ட மீடியன். வளைவுகளில் இரும்புத் தடுப்பு. இரவில் மின்னும் பட்டைகள். வேகம் 100 வரை போகலாம், நான் 85-ல் வைத்திருந்தேன். முன்பு இந்த வழியில் பேருந்துக்குள் நின்றுகொண்டு வந்திருக்கிறேன். ஒவ்வொரு ஊரிலும் கடைத்தெரு நடுவே நுழைந்து, ஹாரன் அடித்து, மாட்டுக்கு வழிவிட்டு, டீக்கு நின்று. இப்போது மூன்று புறவழிச்சாலைகள், ஏழு மேம்பாலங்கள். ஊர்கள் எல்லாம் வலதும் இடதுமாகப் பெயர்ப்பலகையாகத்தான் வந்துபோகின்றன. இந்த 50 கிலோமீட்டருக்கு 2,350 கோடிக்கு மேல் ஆகியிருக்கிறது. முக்கால் மணி நேரம் மிச்சம் என்று சொன்னார்கள், பொய்யில்லை.

குறை இல்லாமலும் இல்லை. பாலம் தொடங்குகிற இடத்திலும் முடிகிற இடத்திலும் சின்னதாக ஒரு தூக்கு. ஏற்றுமண் வருடக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும், பாலம் அமுங்காது. இரண்டும் சேருகிற இடத்தில் படி விழும். போட்டு ஒரு மாதத்திலேயே சில இடங்களில் இடுப்பு உணர்ந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தால் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். இந்த வழியில் அவள் தூங்கி நான் பார்த்ததேயில்லை. வாந்திக்கு எலுமிச்சம்பழம் மோந்துகொண்டு, முன் இருக்கைக் கம்பியைப் பிடித்தபடி வருவாள். மீன்சுருட்டி பக்கம் கண்விழித்து, "வீராணம் ஏரி வந்துட்டா எழுப்புடா" என்றாள். ஏரியெல்லாம் எப்போதோ போய்விட்டது. பதினாறு கிலோமீட்டர் நீள ஏரியைத் தூங்கியே கடந்துவிட்டோமா என்று அவளுக்குக் கோபம். திரும்பும்போது பழைய கரைச்சாலையில் கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

டீ கிடைக்காததுதான் பெரிய கஷ்டம். ஐம்பது கிலோமீட்டரில் சாலையை ஒட்டி ஒரு டீக்கடை என் கண்ணில் படவில்லை. கடைசியில் மீன்சுருட்டி பக்கம் சர்வீஸ் ரோட்டில் இறங்கி ஊருக்குள் போய்க் குடித்தோம். டீ 12 ரூபாய், மசால்வடை 8. கடைக்கார அம்மா கேட்காமலே சொன்னார்: "முந்தி வெளியூர் பஸ்செல்லாம் வாசல்லயே நிக்கும். இப்ப மேலே போற வண்டியை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "ஆனா ரோட்டுக்கு அந்தாண்ட பள்ளிக்கூடம். முன்னெல்லாம் புள்ளைவோ திரும்பி வர்ற வரைக்கும் உசுரு கையில இருக்காது. இப்ப பாலத்துக்கடியில போயிட்டு வந்துருதுவோ." ஒரே ஆள், ஒரே மூச்சு.

அவ்வளவு தூரம் வந்துவிட்டு கங்கைகொண்ட சோழபுரத்தைப் பார்க்காமல் போகலாமா? கொஞ்சம் திரும்பினால் போதும். போன மாதம் ஆடித் திருவாதிரை விழாவுக்குப் பெரும் கூட்டமாம், இன்று கோயில் புறாக்களுக்கும் எங்களுக்கும்தான். புல்தரை ஈரமாக இருந்தது, கல் இன்னும் சுடவில்லை. அம்மா நந்தி நிழலில் உட்கார்ந்துவிட்டாள். நான் மதில் இருந்த இடத்தைச் சுற்றி வந்தேன். இருந்த இடம் என்றுதான் சொல்ல வேண்டும். 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, கல்லுக்காக இந்தக் கோயில் மதிலைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அந்த அணையால் விளைந்த நெல்லை நானும் தின்று வளர்ந்தவன்தான். இருந்தாலும் ராஜேந்திர சோழன் வைத்த கல்லை எடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது வயிறு ஒரு மாதிரி செய்கிறது. இந்த நாலு வழிக்கும் வழியெல்லாம் புளியமரங்கள் போயிருக்கின்றன. சின்ன வயதில் பேருந்து ஜன்னலோரம் எண்ணிக்கொண்டே வருவேன்.

அடுத்தது கொள்ளிடம். புதுப்பாலம் ஒரு கிலோமீட்டர். மேட்டூர் உபரி வந்துகொண்டிருப்பதால் ஆறு கரைக்குக் கரை காவி நிறத்தில் ஓடியது. முக்கால் நிமிடத்தில் தாண்டிவிட்டோம். அம்மா, "அவ்வளவுதானா?" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மறுகரையில் இறங்கி, பழைய அணைக்கரைப் பாலத்துக்கே திரும்பிப் போனோம்.

பழைய பாலம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கீழணையின் மேலேயே போகிற சாலை, ஒரு வண்டி போகிற அகலம். எதிரில் ஒன்று வந்தால் யாராவது ஒருவர் காத்திருக்க வேண்டும். பாலம் பலவீனமானதும் கனரக வண்டிகளைத் தடுத்துவிட்டார்கள். வறுத்த மீன் விற்கிற கடையில் ஒரு பெரியவர் நினைவுபடுத்தினார்: "இந்தாண்ட ஒரு பஸ்ஸு, அந்தாண்ட ஒரு பஸ்ஸு. மூட்டையைத் தலையில வச்சுக்கிட்டு நடுவுல நடந்தே போவோம் தம்பி." ஷட்டர்களுக்குக் கீழே தண்ணீர் விழுகிற இரைச்சலில் பாதி காதில் விழவில்லை. கெண்டை ஒரு துண்டு 60 ரூபாய். வாழையிலையில் வைத்து, மேலே வெங்காயம் போட்டுத் தந்தார்கள். முள் அதிகம், ருசி அதைவிட அதிகம். அம்மா சனிக்கிழமை என்று தொடவில்லை.

கும்பகோணத்தில் ஒரு டிகிரி காபி, 25 ரூபாய். இந்தப் பெயர்ப்பலகை திண்டிவனம் நெடுஞ்சாலை முழுக்கத் தொங்குகிறது, அங்கே குடித்ததை இனிமேல் காபி என்று சொல்லமாட்டேன். பொழுது சாயும்போது சித்தி வீடு. வாக்கரைத் தள்ளிக்கொண்டே வாசலுக்கு வந்துவிட்டாள். "மத்தியானத்துலேருந்து சோறு காத்துக்கிட்டு கெடக்கு. எங்கடா சுத்தப் போனீங்க?"

24 ஆகஸ்ட், ஞாயிறு. பாபநாசம்

காலை இட்லிக்குக் கடப்பா. பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காய், சோம்பு. சாம்பாரும் இல்லை, குருமாவும் இல்லை. கும்பகோணத்தைத் தாண்டி இதைச் சரியாகச் செய்கிறவர்களை நான் பார்த்ததில்லை. சித்தி நாற்காலியில் உட்கார்ந்தபடி ஆணையிட, சித்தப்பா கிண்டினார். எட்டு இட்லி.

சாயங்காலம் தஞ்சாவூர் பக்கம் ஒரு எட்டுப் போய் வந்தேன். இந்தத் துண்டை முன்பே திறந்துவிட்டதால் மக்கள் அதற்குப் பழகிவிட்டார்கள். அதில்தான் எனக்குப் பயம். வண்டியைத் திருப்ப ரொம்பத் தூரம் போக வேண்டுமென்றால் யார் போவார்கள்? எதிர்த்திசையில் ஓரமாகவே வருகிறார்கள், விளக்கை மட்டும் எரியவிட்டுக்கொண்டு. ஓரிடத்தில் மீடியன் செடியை ஆள் நுழையும் அளவுக்கு ஒதுக்கி ஒற்றையடிப் பாதையே போட்டுவிட்டார்கள். இன்னொரு இடத்தில் முன்பட்ட குறுவை நெல் ஒரு தடம் முழுக்கக் காய்ந்துகொண்டிருந்தது. சுற்றிலும் தலை பருமன் கருங்கற்கள். பகலில் சரி. இருட்டின பிறகு அந்தக் கல்லை எடுத்துவிட்டுத்தான் போவார்களா?

சித்தியின் பக்கத்து வீட்டுப் பையன் கையில் மாவுக்கட்டோடு வந்தான். சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வந்த பைக் இடித்ததாம். ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்தது, முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்கவில்லை, 'நம்மைக் காக்கும் 48' திட்டம். "தப்பு யார் மேல?" என்றேன். கொஞ்சம் நெளிந்தான். "அவன் எதிர்த்தாப்ல வந்தான் அண்ணா. நானும் ஹெல்மெட்டைக் கண்ணாடியிலதான் மாட்டியிருந்தேன்."

25 ஆகஸ்ட், திங்கள். சென்னை, நள்ளிரவு தாண்டி

கிளம்பும்போதே மதியம் ஆகிவிட்டது. சித்தி கட்டிக் கொடுத்த புளிசாதம், கும்பகோணம் வெற்றிலை இரண்டு கவுளி, திருவையாற்று அசோகா அல்வா ஒரு கிலோ. வாக்குத் தவறாமல் காட்டுமன்னார்கோயிலில் இறங்கி, லால்பேட்டை வழியாக வீராணம் கரையில் போனோம். மதகு ஒன்றின் பக்கத்தில் நிறுத்திப் புளிசாதம் பிரித்தோம். காற்று பொட்டலத்தையே தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. அம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். "இதுதான் மெட்ராஸ்ல நம்ம குழாயில வருதா?" "வருதும்மா." "ருசியே இல்லையேடா அங்க."

வடமேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. சேத்தியாத்தோப்பு நெருங்கும்போது பிடித்துக்கொண்டது மழை.

புதுச்சாலை முடிந்து பழைய சாலை ஆரம்பிக்கிற இடம் இருக்கிறதே, அதை வாழ்நாளில் மறக்கமாட்டேன். அங்கே வரும்போது இன்னும் நாலு வழி வேகத்தின் நினைப்பில்தான் இருந்தேன். கண்ணுக்கு முன்னால் ஒரு வேன். திடீரென்று அதன் பிரேக் விளக்கு. மணல் நிரப்பிய பீப்பாய்கள் நாலைந்து குறுக்கே, அவற்றில் ஒட்டிய பட்டை சேற்றில் மூடிப்போய் எதுவும் மின்னவில்லை. வேன் வலதுபக்கம் ஒடித்தது. நான் மிதித்தேன். வண்டி வழுக்கி, ஒரு பீப்பாயை உரசி நின்றது. எதிரில் ஒரு லாரி, அதுவரை அந்தப் பக்கம் எதிர்வண்டி வரும் என்ற எண்ணமே என் மண்டையில் இல்லை. லாரிக்காரர் விளக்கை இரண்டு முறை அடித்து, நாங்கள் ஒதுங்கும்வரை அப்படியே நின்றார். திட்டவில்லை. கடக்கும்போது கையை மட்டும் கீழே அழுத்திக் காட்டினார், மெதுவா, மெதுவா என்று.

கொஞ்ச தூரத்தில் 'விபத்துப் பகுதி' என்று பலகை. அந்தப் பெயரை ஓர் இடம் சும்மா வாங்கிவிடாது. சுமார் 500 மீட்டருக்குள், மூன்று வருடத்தில் உயிர்ப்பலியோ படுகாயமோ நேர்ந்த விபத்து குறைந்தது ஐந்து நடந்திருக்க வேண்டும், அல்லது பத்துப் பேர் செத்திருக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். இப்போது நான் வழுக்கிய இடத்தில் பலகை ஏதும் இல்லை. சாலை நல்லதாக இருந்தால் பிழைத்துக்கொள்கிறோம், மோசமாக இருந்தாலும் பயந்துகொண்டே போய் எப்படியோ பிழைத்துக்கொள்கிறோம். இரண்டும் ஒட்டுகிற அந்த நூறு மீட்டருக்கு யாராவது விளக்குப் போட்டால் தேவலை.

அம்மா பத்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "வெத்தலை கவிழ்ந்துடுச்சு" என்றாள்.

காடாம்புலியூரில் பஞ்சர்க்கடையில் பல்பு எரிந்தது. வழுக்கியதில் சக்கரத்துக்கு ஏதும் ஆகியிருக்குமோ என்று நிறுத்தினேன். டார்ச் அடித்துச் சுற்றிப் பார்த்தார். பம்பர்தான் கீறியிருந்தது. நான்கு டயருக்கும் காற்றுப் பார்த்தார். மறக்காமல் ஸ்டெப்னிக்கும். காசு வேண்டாம் என்றார். அம்மா அசோகாவில் ஒரு பங்கை வாழையிலையில் வைத்துக் கொடுத்தாள்.

"அந்தாண்ட ரோடு எப்படி சார் இருக்கு? நான் போனதேயில்ல."

"சேத்தியாத்தோப்பு தாண்டிட்டா பிரமாதம். அம்பது கிலோமீட்டர், முக்கால் மணி நேரம்கூட ஆகல."

அசோகாவை வழித்து வாயில் போட்டுக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"வழியில பஞ்சர்க்கடை எதாச்சும் இருந்துச்சா?"

நானும் யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

"சரி" என்று கையைத் துடைத்துக்கொண்டு காற்றுக்குழாயைச் சுருட்டினார். "அப்ப ஒரு நாள் போய் இடம் பார்த்துட்டு வரணும்."